காடு வாங்கிய கிளப்பும் கேபின் வாடகையும்

போன இதழில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு மலையேற்ற கிளப் காட்டையே விலைக்கு வாங்கி, அதில் தங்கும் விடுதி நடத்துவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராட்டு குறைவு, சண்டைதான் அதிகம். அதனால் இந்த முறை வேறு கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் எழுதிய அதே அப்பலாச்சியன் மவுன்டன் கிளப்பில் நான் குடும்பத்தோடு உறுப்பினர். மலையேறத்தான் சேர்ந்தோம். இப்போது கிளப்பிலிருந்து வரும் மெயிலைத் திறந்தால் கேபின் புக் பண்ணுங்கள், நன்கொடை கொடுங்கள், இதே பாட்டு. நடைபாதையைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கு ஹோட்டல் தொழில் எதற்கு?
— வாசகர், வூஸ்டர், மாசசூசெட்ஸ்

உங்கள் கிளப்புக்கு விடுதி நடத்துவது புதுசு இல்லை சார். 1876-ல் பாஸ்டனில் ஆரம்பித்த கிளப் அது. 1888-லேயே நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில், மேடிசன் ஸ்பிரிங் என்ற இடத்தில் கல்லால் ஒரு குடில் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு அந்த மலைத்தொடரில் அப்படி எட்டுக் குடில்கள் இருக்கின்றன. காய்கறி மாதிரியான புதுச் சாமான்களைக் கல்லூரி வயசுப் பிள்ளைகள் மரச்சட்டத்தில் கட்டி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோவார்கள், அவர்களே சமைப்பார்கள், அவர்களே பரிமாறுவார்கள். ஒரு இரவுக்கு ஆளுக்கு 100 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள் என்று அங்கேயும் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குடில்கள் நிற்கும் மண் பெரும்பாலும் மத்திய அரசின் வன நிலம். கிளப் அனுமதி வாங்கி நடத்துகிறது, அவ்வளவுதான். அங்கே அது நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.

மெய்னில் கதை வேறு. அந்த மாநிலத்தின் வடக்குக் காடு கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு காகிதக் கம்பெனிகளின் கையில் இருந்தது. கம்பெனிக்குக் காடு என்றால் காகிதக் கூழுக்கான மரம். அதே சமயம் உள்ளூர்க்காரர் உள்ளே போய் மீன் பிடிக்கலாம், மான் வேட்டையாடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். 1990-களின் கடைசியில் இந்தக் கம்பெனிகள் நிலத்தை விற்க ஆரம்பித்தன. முதலீட்டு நிதிக்காரர்களும் நிலத்தரகுக் கம்பெனிகளும் வந்தார்கள். ஏரிக்கரையில் மனை போட்டால் என்ன விலை போகும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் கைக்குக் காடு மாறத் தொடங்கியதும்தான் கிளப் உள்ளே இறங்கியது. 2003-ல் இன்டர்நேஷனல் பேப்பர் கம்பெனியிடமிருந்து கட்டாடின் அயர்ன் வொர்க்ஸ் என்ற 37,000 ஏக்கர். 2009-ல் பிளம் கிரீக் கம்பெனியிடமிருந்து ரோச் பாண்ட்ஸ் பகுதியில் 29,500 ஏக்கர். 2022-ல் பிளெசன்ட் ஆற்றின் தலைப்பகுதியில் இன்னொரு 27,000 ஏக்கர் போல. நடுவில் வாங்கிய சின்னத் துண்டுகளையும் சேர்த்தால் இன்று 1,00,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பு அது.

மனை போடும் பயம் வெறும் கற்பனை இல்லை. அந்த பிளம் கிரீக் கம்பெனியே பக்கத்தில் மூஸ்ஹெட் ஏரியைச் சுற்றி 975 வீட்டுமனையும் இரண்டு ரிசார்ட்டும் போடுவதாக 2005-ல் திட்டம் கொடுத்தது. வருடக்கணக்கில் சண்டை நடந்து 2009-ல் அனுமதியும் கிடைத்தது. அதற்குள் வீட்டுச் சந்தை விழுந்து, கம்பெனி கைமாறி, கடைசியில் ஒரு வீடுகூடக் கட்டாமல் திட்டத்தையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது நடக்காமல் போகும் என்று 2003-ல் யாருக்குத் தெரியும்?

ஆக, கிளப் முதலில் வாங்கியது காட்டை. அந்தக் காட்டுக்குள்ளே ஏற்கெனவே இருந்த பழைய மரக் கேபின்கள்தான் பின்னால் விடுதியாயின. இந்த வரிசையைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கோயம்புத்தூர்க் கேள்வி வரைக்கும் தேவைப்படும்.

கேள்வி: கேபின் வாடகையில் ஒரு லட்சம் ஏக்கரைக் காப்பாற்ற முடியுமா? கணக்கு உதைக்கிறதே!
— வாசகி, திருச்சி

உதைக்கத்தான் செய்யும் அம்மா, ஏனென்றால் அப்படி ஒரு கணக்கே அங்கே கிடையாது. லிட்டில் லைஃபோர்ட், கோர்மன் சேர்பேக், மெடவிஸ்லா என்று மூன்று விடுதி. மூன்றிலும் சேர்த்து எத்தனை கட்டில் போட்டுவிட முடியும்? சமையல்காரர் சம்பளம், மண்ரோட்டில் இருபது முப்பது மைல் உள்ளே சாமான் கொண்டுபோகும் செலவு, பனிக்காலத்தில் விறகு, ஐஸ் உருகிச் சேறாகும் வசந்த மாதங்களில் மூடிக் கிடப்பது, இதெல்லாம் போக மிஞ்சுவதில் காடு வாங்க முடியாது. நிலம் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி நன்கொடையும் மானியமும்தான்.

அப்புறம் வருமானத்துக்கு வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள். முதல் வழி, இதைக் கேட்டுத்தான் பலர் முகம் சுளிக்கிறார்கள், மரம் வெட்டுவது. ஆமாம், காட்டைக் காக்கிறேன் என்று வாங்கிய கிளப்பே அதில் ஒரு பகுதியில் அளவாக மரம் வெட்டி விற்கிறது. சான்றிதழ் பெற்ற முறையில், ஓடைக்கரையை விட்டு, வளர்கிற அளவுக்குள் வெட்டுவது. எனக்கு இதில் குறை தெரியவில்லை. அந்தக் காடு நூறு வருஷமாக வெட்டி வெட்டி மொட்டையடித்த காடு, ஒரே வயசுக் குச்சிகள் நெருக்கியடித்து நிற்கும், கொஞ்சம் களைத்துவிட்டால்தான் மிச்சம் பெருக்கும். ரம்பத்தை நம்பிப் பிழைத்த ஊரில் ரம்பமே கூடாது என்று போய் உட்கார்ந்தால் ஒருத்தரும் பேசமாட்டார்கள் என்பதும் உண்டு.

இரண்டாவது வழி, சுமார் 10,000 ஏக்கரில் ரம்பமே படாமல் விட்டுவிட்டு, அந்த மரங்கள் பிடித்து வைக்கும் கரியமில வாயுவுக்குக் கார்பன் கிரெடிட் விற்றார்கள். இதைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி இல்லை. எப்படியும் வெட்டப்போவதில்லை என்று ஒதுக்கிய காட்டுக்கு, வெட்டாமல் இருக்கிறேன் என்று சொல்லி இன்னொரு ஊரில் புகைவிடும் தொழிற்சாலையிடம் காசு வாங்குவது கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் அந்தக் காசு காட்டுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. ஓடைத் தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் போட்டிருந்த, மீன் ஏறமுடியாத பழைய குழாய்களைப் பிடுங்கிவிட்டு அகலமான பாலமாகப் போடுவது அங்கே பெரிய வேலை. ஒரு சின்னக் குழாய் ஒரு அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் போதும், கீழே இருக்கும் டிரவுட் மீனுக்கு மேலே இருக்கும் ஓடை முழுக்க இல்லாமல் போய்விடும். லாரி ரோடு போட்டவன் மீனைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டான்.

சரி, அப்படியானால் கேபின் எதற்கு? விருந்தாளிக்கு அந்த இடம் தன்னுடையது என்று தோன்றவைக்க. ஒரு வாரம் தங்கிப் போனவர்தான் அடுத்த நிலம் விற்பனைக்கு வரும்போது செக் எழுதுகிறார். வாடகையை லாபமாகப் பார்த்தால் சொற்பம், நன்கொடைக்கு வாசல்படியாகப் பார்த்தால் நல்ல முதலீடு. கிளப் இதை இப்படிப் பச்சையாகச் சொல்லாது, நான் சொல்கிறேன்.

கேள்வி: வெளியூர்ப் பணக்காரர்கள் காட்டை வாங்கிக்கொண்டால் உள்ளூர் மக்கள் சும்மா இருந்தார்களா?
— வாசகர், நாகர்கோவில்

இருக்கவில்லை. அவர்கள் கோபத்துக்கு நியாயமும் இருந்தது. கிளப் முதல் நிலத்தை வாங்கிய அதே 2003-ன் ஜனவரியில்தான் பக்கத்து மில்லினாக்கெட் ஊரின் கிரேட் நார்தர்ன் காகித ஆலை திவால் மனு போட்டது. 2008-ல் அந்த ஊர் ஆலை மூடியே விட்டது. மூன்று தலைமுறை ஆலையில் வேலை பார்த்த குடும்பத்திடம் போய், கவலைப்படாதீர்கள், பாஸ்டன்காரர்கள் பனிச்சறுக்க வருவார்கள், அவர்களுக்குப் படுக்கை விரிக்கலாம் என்றால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்! ஆலைச் சம்பளமும் விடுதிச் சம்பளமும் ஒன்றாகிவிடாது. சுற்றுலா வந்தால் ஊர் பிழைத்துவிடும் என்று சொல்பவர்கள் எந்த நாட்டிலும் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே வட்டாரத்தில் இன்னொரு கதை நடந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பர்ட்ஸ் பீஸ் என்ற தேன்மெழுகுப் பொருள் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ராக்சேன் குவிம்பி, கட்டாடின் மலைக்குக் கிழக்கே ஏராளமான காட்டை வாங்கி, தேசியப் பூங்காவாக ஆக்கப்போகிறேன் என்றார். வாங்கின நிலத்தில் வேட்டை கூடாது, பனிமேல் ஓட்டும் பனிமோட்டார் வண்டி கூடாது என்று தடை போட்டார். ஊரே எதிர்த்தது, 'ராக்சேனைத் தடை செய்' என்று காருக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். பின்னால் அவருடைய மகன் பொறுப்பெடுத்து, ஒரு பகுதியில் வேட்டைக்கும் பனிமோட்டாருக்கும் வழிவிட்டு, ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசின பிறகுதான் சூடு தணிந்தது. 2016 ஆகஸ்டில் சுமார் 87,500 ஏக்கர் தேசிய நினைவுச் சின்னமாக (அங்கே அரசு பாதுகாக்கும் ஒருவகை நிலத்துக்கு அப்படிப் பெயர்) அரசிடம் போய்ச் சேர்ந்தது.

நம்ம கிளப் இதில் ஆரம்பத்திலேயே சாமர்த்தியமாக நடந்துகொண்டது. நிலத்தின் பெரும்பகுதியில் வேட்டை தொடரட்டும், முக்கியமான பனிமோட்டார்ப் பாதைகள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பறவை பார்க்க வந்த விருந்தாளிக்கு நவம்பரில் ஆரஞ்சுச் சட்டை போடாமல் வெளியே போகாதீர்கள் என்று சொல்லவேண்டி வருகிறது, பரவாயில்லை. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைக்கிறார்கள், விடுதிக்கும் ரோட்டுக்கும் உள்ளூர் ஆட்களை எடுக்கிறார்கள். எதிர்ப்பு முழுக்க அடங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஸ்டிக்கர் அடிக்கிற அளவுக்குப் போகவில்லை.

கேள்வி: அந்தக் காட்டுக்கு 'நூறு மைல் வனாந்தரம்' என்று பெயராமே. வனாந்தரத்தில் விடுதி என்றால் அது என்ன வனாந்தரம்?
— வாசகர், கொழும்பு

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அப்பலாச்சியன் நெடும்பாதை என்ற மலை நடைபாதையில் மான்சன் ஊருக்கும் ஏபோல் பாலத்துக்கும் நடுவில் இருக்கும் நூறு மைலுக்குத்தான் அந்தப் பெயர். வாசலில் ஒரு பலகை இருக்கிறது: பத்து நாள் சாப்பாடு கையில் இல்லாமல் உள்ளே இறங்காதே என்று. படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். உள்ளே போனால் என்னவென்றால், ஒரு நாள் நடைக்குள் எங்காவது ஒரு லாரி ரோட்டைத் தாண்டிவிடுவீர்கள். காகிதக் கம்பெனிகள் போட்ட ரோடு. காரில் வருகிறவர்கள் வாசல் கேட்டில் காசு கட்டி ரசீது வாங்கிக்கொண்டு அதே ரோட்டில் வந்து இறங்கலாம். கட்டாடின் அயர்ன் வொர்க்ஸ் என்ற பெயரைப் பாருங்கள், 1840-களிலிருந்து 1890 வரை அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலைக்குக் கரி வேண்டுமே, சுற்றுவட்டாரக் காடு அதற்கே எரிந்தது. உலைக் கோபுரம் இன்னும் நிற்கிறது, பார்க்கலாம். அதற்கெல்லாம் முன்னால் அது பெனோப்ஸ்காட் மக்கள் ஓடத்தில் போய்வந்த நாடு.

அதனால் ஆளே படாத காட்டில் போய் விடுதி கட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்ற வாதம் அங்கே நிற்காது. லிட்டில் லைஃபோர்ட் கேபின்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மரவெட்டிகளும் மீன்பிடிக்காரர்களும் தங்கின இடம். உள்ளே ஒரு விறகு அடுப்பு, ஒரு கேஸ் விளக்கு, இரண்டு மூன்று கட்டில். கழிப்பறை வெளியே. குளிக்கப் பொதுவான ஒரு குளியல்வீடு, அதில் சவுனா அறை. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேஜையில், பாத்திரம் கைமாறி வரும். செல்போன் சிக்னல் கிடையாது. பனிக்காலத்தில் ரோடு கிடையாது, சறுக்குக்கட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் மைல் கணக்கில் சறுக்கிப் போக வேண்டும், உங்கள் பெட்டி மட்டும் பனிமோட்டாரில் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கும் இப்படியேதான். எனக்கு இதில் பிடித்தது, கூடுதல் வசதியைப் போட்டுக் கூடுதல் வாடகை வாங்குவோம் என்ற ஆசையை ஓரளவு கட்டி வைத்திருப்பது. ஆனால் 2017-ல் புதிதாகக் கட்டித் திறந்த மெடவிஸ்லா இதைவிட ஒரு படி சொகுசு. அது எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

இருட்டைக்கூட அவர்கள் சொத்தாக்கிவிட்டார்கள். 2021-ல் அந்த நிலத்துக்குச் சர்வதேச இருண்ட வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது, மெய்ன் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து மாநிலங்களில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பூங்கா அதுதான். ஒன்றுமே கட்டாமல், விளக்கை அணைத்து வைப்பதற்காகவே விருந்தாளி வருகிறார் என்றால் அதைவிட நல்ல சுற்றுலா எது!

கேள்வி: எங்கள் டிரெக்கிங் குழுவுக்கு மலையடிவாரத்தில் எட்டு ஏக்கர் இருக்கிறது, ஒரு உறுப்பினர் தானமாகக் கொடுத்தது. பத்து காட்டேஜ் போட்டால் வரும் வருமானத்தில் சுற்றுக் காட்டைப் பாதுகாக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு. அந்த அமெரிக்க கிளப்பைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம் என்கிறேன். செயற்குழு கோபப்பட்டாலும் சரி.

அவர்கள் வாங்கியது ஒரு லட்சம் ஏக்கர். அதில் ஒரு மூலையில் கேபின் போட்டால் காட்டுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் எந்த கிளப்பும் அப்படி வாங்கவே முடியாது, நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கே 15 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று கட்டி வைத்திருக்கிறது. நம்முடைய காடு பெரும்பாலும் அரசின் காப்புக்காடு. உங்களிடம் இருக்கும் எட்டு ஏக்கர் காட்டின் விளிம்பு. விளிம்பில்தான் யானை இறங்கும். நீங்கள் காட்டேஜ் போட்டால் வேலி போடுவீர்கள், விளக்குப் போடுவீர்கள், சமையலறைக் கழிவுக்குக் காட்டுப்பன்றி வரும், ஒரு வார இறுதியில் யாரோ ஸ்பீக்கர் கொண்டுவருவார். சுற்றுக் காடு உங்களுடையது இல்லை என்பதால் அதைப் பாதுகாக்க உங்களுக்கு உரிமையும் இல்லை, காசும் மிஞ்சாது. அதைக் கெடுக்க மட்டும் பத்து காட்டேஜே போதும்.

நீலகிரியின் சீகூர் பீடபூமியில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். யானை வழித்தடம் என்று 2010-ல் அரசு அறிவித்தது, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவில் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழித்தடம் சரிதான் என்று தீர்ப்பளித்தது. அங்கே கட்டடம் போட்டவர்களில் இயற்கை ஆர்வலர் என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. தவிர, உங்கள் ஊர், மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா, நிலம் தனியார் காடு சட்டத்தில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் மரத்தில் கை வைக்கவே அனுமதி வேண்டும். வரைபடம் போடும் இன்ஜினீயர் இதைச் சொல்லமாட்டார்.

உதாரணம் எடுத்தால் முழுசாக எடுங்கள். மெய்னில் வாங்கிய முதல் நிலத்துக்கு, இந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்கமாட்டோம் என்று பத்திரம் எழுதி, அதை அமல்படுத்தும் உரிமையை வேறொரு அமைப்பின் கையில் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு கிளப்புக்குப் பணமுடை வந்தாலும், புதுத் தலைவருக்கு ஆசை வந்தாலும் மனை போட முடியாது. உங்கள் செயற்குழு அந்த மாதிரி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடத் தயாரா? முதல் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். யார் யார் பேச்சை மாற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

எட்டு ஏக்கரில் என்னதான் செய்வது என்றால், உண்ணிச்செடியைப் பிடுங்கி நாட்டு மரம் வைக்கலாம், நாற்றங்கால் போட்டு விற்கலாம், பகலில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சாயங்காலம் அனுப்பிவிடலாம். இரவு தங்குகிறவர்களைக் கீழே கிராமத்தில் வீடுகளில் தங்கவையுங்கள், அந்தக் காசு அந்த வீட்டுக்கே போகட்டும். வருமானம் குறைவுதான். உறுப்பினர் சந்தாவை ஏற்றுங்கள், காட்டேஜ் கட்ட வங்கிக் கடன் வாங்கி வட்டி கட்டுவதைவிட அது சுலபம்.

கேள்வி: சண்டை இருக்கட்டும், அந்த மெய்ன் காட்டுக்கு எப்போது போகலாம்? மூஸ் என்ற அந்தப் பெரிய மானைப் பார்க்க முடியுமா?
— வாசகி, நியூ ஜெர்சி

செப்டம்பர் கடைசி. மேப்பிள் இலை சிவந்திருக்கும், கொசு போயிருக்கும். மே கடைசியும் ஜூனும் மூஸ் ஏரியில் இறங்கி நீர்ச்செடி தின்கிற காலம்தான், ஆனால் அப்போதுதான் கறுப்பு ஈயும் வரும், காதுக்குப் பின்னால் கடித்து ரத்தம் வழியும், வலைத் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். மூஸ் முன்போல் தாராளமாகத் தென்படும் என்று நம்ப வேண்டாம். குளிர்காலம் சுருங்கி, பனி தாமதமாக விழுவதால் உண்ணிகளுக்குக் கொண்டாட்டம், ஒரு கன்றின் மேலேயே ஆயிரக்கணக்கில் ஏறி ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுவிடுகின்றன. விடுதிக்குப் போகும்போது காரில் பெட்ரோலை கிரீன்வில் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே பங்க் கிடையாது. எதிரே மர லாரி வந்தால் ஓரமாக நிறுத்தி வழிவிடுங்கள், அந்த ரோடு அவர்களுக்காகப் போட்டது.